கழுத்துக்குச் சொன்ன விலை

கடைக்காரம்மாவின் கழுத்துக்கு மருத்துவமனையில் சொன்ன விலை மூன்று தேக்குக் கட்டிலும் ஒரு நிலைக்கண்ணாடி பீரோவும். அவர்கள் என்னவோ பணமாகத்தான் சொன்னார்கள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அவள் புருஷனுக்கு எந்தத் தொகையும் காதுக்குள் போகிற வழியிலேயே மரச்சாமானாக மாறிவிடும். மின்சாரக் கட்டணம் என்றால் கால் உடைந்த முக்காலி. மகள் கல்யாணம் என்றால் ஒரு லாரி சோபா. அந்த வகையில் பார்த்தால் பெண்டாட்டி கழுத்து ஒன்றும் ஆளை விழுங்குகிற விலையில்லை. ஆனால் கூடுதலோ குறைச்சலோ, முதலில் சொன்ன விலைக்கு ஒரு பொருளை வாங்கிக்கொண்டு வருகிறவனை அந்தத் தெருவில் மனுஷனாகவே மதிப்பதில்லை.

அது பழைய மரச்சாமான்கள் விற்கிற தெரு. இரண்டு பக்கமும் கடைகள். வீடு காலி செய்தவர்கள், சொத்துப் பிரித்துக்கொண்டவர்கள், புதுசு வாங்கியவர்கள் தள்ளிவிட்ட கட்டிலும் மேசையும் நடைபாதை வரைக்கும் வந்து நிற்கும். உப்புத்தாள் தேய்க்கிற சத்தமும் பாலிஷ் வாடையும் காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைக்கும் வரை ஓயாது. அங்கே யார் என்ன விலை சொன்னாலும் நம்மவர் வாயிலிருந்து வருகிற முதல் சொல் 'பாதி'. அதனால் தெருவுக்கே அவர் பாதிவிலைக்காரர். அவர் அப்பா வைத்த பெயர் ரேஷன் அட்டையில் மட்டும் பத்திரமாக இருந்தது.

வாங்குவது அவர் வேலை, விற்பது அவள் வேலை. அவர் ஒரு அலமாரியை விரலால் தட்டினாலே உள்ளே புழு அரித்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அரித்திருந்தால் அரித்த இடத்தை உரிமையாளருக்குக் காட்டிக் காட்டி அவர் மனசையும் சேர்த்து அரித்து, பாதிக்குப் பேசி வண்டியில் ஏற்றிவிடுவார். அது கடைக்கு வந்ததும் அவள் குரல் ஆரம்பிக்கும். உப்புத்தாள் சத்தத்தையும் லாரி சத்தத்தையும் தாண்டி எதிர்வாடைக் கடைகள் வரைக்கும் போகிற குரல். "என்ன சார், பார்த்துட்டே போறீங்க, மேசை உங்களைப் பார்த்துட்டே இருக்குல்ல?" என்பாள். போகிறவன் சிரித்துவிட்டால் தீர்ந்தது, அவன் வீட்டுக்கு மேசை போய்விடும். பேரம் பேசுகிறவர்களை அவள் உறவு சொல்லித் திட்டுவாள். "ஏன்டா தம்பி, அக்கா சோத்துல மண்ணைப் போடவா காலையில குளிச்சிட்டு வந்த?" என்று கேட்டால், தம்பிகள் வெட்கப்பட்டுக்கொண்டு இன்னும் கொஞ்சம் எடுத்து வைப்பார்கள். வசவு வாங்குவதற்காகவே வருகிற வாடிக்கைகள் உண்டு.

கட்டியைக் கண்டுபிடித்தது அவர்தான். வெயில் ஏறிய நேரம். ஒரு நாற்காலியின் கால் நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடி நோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கோட்டுக்கு நேராக அவள் தலையை அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் ஓரமாக ஒரு கோலிக்குண்டு மேலே ஏறிக் கீழே இறங்கியது.

"ஏய், இன்னொரு வாய் குடி."

"எதுக்கு?"

"குடின்னா குடியேன்."

"இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் ஒண்ணை இன்னும் கொஞ்சம் எடுத்துக்கன்னு சொல்லியிருக்கீங்க. அதுவும் தண்ணி." குடித்தாள். குண்டு மறுபடி ஏறி இறங்கியது.

"தொண்டையில ஏதோ போயிட்டு வருதுடி."

"எல்லாருக்கும்தான் போகும். உங்களுக்கு இல்லையா? சவரம் பண்றப்ப இடிக்கலையா?"

"எனக்கு நடுவுல. உனக்கு ஓரமா."

கடைவாசலில் கட்டிலுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்த பாலிஷ்காரரை சாட்சிக்குக் கூப்பிட்டார். பாலிஷ்காரர் அவருக்குப் பால்ய சிநேகிதர், கருத்துச் சொல்ல எப்போதும் தயாராக இருப்பவர். கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் இன்னொரு முறை குடிப்பதைப் பார்த்தார்.

"வலிக்குதா அண்ணி?"

"இல்லையே."

"வலிக்கலைன்னா ஒண்ணும் இல்லைண்ணே. என் முதுகுல ஒண்ணு இருக்கு, கல்யாணத்துக்கு முந்தியிலேருந்து. அதுவும் வலிக்காது."

"உன் பொண்டாட்டிகிட்டக் கேட்டாத் தெரியும், வலிக்குதா இல்லையான்னு," என்றாள் அவள். மூவரும் சிரித்தார்கள்.

அந்தச் சமயம் மகள் ஊரிலிருந்து வந்திருந்தாள். வெளியூரில் கணக்கு டீச்சர். அம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்த கையோடு இழுத்துக்கொண்டு போய் மருத்துவமனையில் நிறுத்தினாள். முதலில் ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு சரியாக வேலை செய்கிறது என்று வந்தது. பாதிவிலைக்காரருக்கு அப்போதே வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. "வேலை செய்யறது வேற, கட்டி வேறப்பா. கடியாரம் சரியா ஓடுதுன்னா பெட்டி அரிக்கலைன்னு அர்த்தமா?" என்றாள் மகள். கடையில் வளர்ந்த பெண் அல்லவா.

ஸ்கேன் அறை இருட்டாக இருந்தது. கழுத்தில் ஏதோ பசையைத் தடவ, "அம்மாடி, ஐஸ்!" என்றாள் கடைக்காரம்மா. ஸ்கேன் எடுக்கிற பெண் சோப்புக்கட்டி மாதிரி ஒன்றை வைத்து அழுத்தித் தேய்த்தாள். திரையில் கறுப்பாக ஒரு உருண்டை வந்து நின்றது. மூன்று பக்கம் ஓரம் தெளிவாக இருந்தது, ஒரு பக்கம் கலங்கியிருந்தது. உள்ளே பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள்.

"அது என்னம்மா வெள்ளையா?" என்று கேட்டார் அவர்.

"டாக்டர் சொல்லுவாங்க சார்."

அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பலகையில் அப்படிப் பொடி வெள்ளையைப் பார்த்தால் உள்ளே புழு வேலை செய்கிறது என்று அர்த்தம். அப்படி ஒரு சாமானைக் கால் விலைக்குக் கொடுத்தாலும் வண்டியில் ஏற்ற மாட்டார், மற்ற சாமானுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்பார். மரம் வேறு, மனுஷி வேறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கட்டிக்குள் ஊசி விட்டு எடுத்து ஆராய்ச்சிக்கு அனுப்பினார்கள். அந்த முடிவு வருவதற்குள் மகளின் லீவு முடிந்து அவள் கிளம்பிவிட்டாள். அதனால் முடிவு கேட்கப் போனபோது இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

டாக்டரம்மா பேப்பரைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "ஊசியில வந்ததைப் பார்த்தாங்க. நல்லதுன்னும் சொல்ல முடியல, கெட்டதுன்னும் சொல்ல முடியல. இந்த மாதிரிக் கட்டியில அப்படித்தான் வரும். கட்டியோட தோலைத் தாண்டி வெளிய வந்திருக்கான்னு பார்த்தாத்தான் தெரியும். அது ஊசிக்குத் தெரியாது. எடுத்து வெட்டிப் பார்க்கணும்."

"எடுக்கறதுன்னா, எவ்வளவு எடுப்பீங்க?"

"தைராய்டு ரெண்டு பக்கமா இருக்கும். கட்டி இருக்கிற பாதியை எடுத்துடலாம்."

பாதி என்ற சொல் விழுந்ததும் பாதிவிலைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை பயந்த புருஷனாக இருந்தவர் அந்த நிமிஷம் வியாபாரியானார். முதல் வாயிலேயே பாதிக்கு வருகிற ஆளை அவர் இப்போதுதான் பார்க்கிறார். தொடக்கமே பாதி என்றால் கடைசி எங்கே நிற்கும்?

"அந்தக் கட்டியை மட்டும் எடுத்தா?"

"கூடாதுங்க. அதை மட்டும் நோண்டி எடுத்தா சிதறும். பாதிதான்."

"கெட்டதாவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்னு நீங்களே சொல்றீங்க."

"ஆமா. நாலு பேருக்கு இப்படி வந்தா ஒருத்தருக்குக் கெட்டதா இருக்கும், சமயத்துல அதுக்கும் மேல. ஸ்கேன்ல இருக்கிற புள்ளியையும் சேர்த்துப் பார்த்தா, நானா இருந்தா காத்திருக்க மாட்டேன்."

கடைக்காரம்மா குறுக்கே புகுந்தாள். "குரலுக்கு ஏதாச்சும் ஆகுமா டாக்டர்?"

"குரலுக்குப் போற நரம்பு அதை ஒட்டித்தான் ஓடுது. பார்த்துத்தான் பண்ணுவோம். ரொம்பக் கொஞ்சம் பேருக்குக் கரகரப்பு வரும். அதுலயும் நிறையப் பேருக்குச் சரியாயிடும்."

பாதிவிலைக்காரர் பெண்டாட்டியைப் பார்த்தார். சரக்கில் ஓட்டை இருப்பதை விற்கிறவனே ஒத்துக்கொண்டால் வாங்குகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்களே, அந்தப் பார்வை. பிறகு கேட்டார்: "கடைசியா என்ன சொல்றீங்க?"

"எதுக்குக் கடைசி?" என்றார் டாக்டரம்மா புரியாமல்.

"சரி. யோசிச்சுச் சொல்றோம்."

எழுந்திருப்பதில் ஒரு வித்தை இருக்கிறது. விருட்டென்று எழுந்தால் ரோஷம் என்று நினைப்பார்கள், கூப்பிட மாட்டார்கள். நாற்காலியின் கையை அழுத்தி, வேண்டா வெறுப்பாக எழுந்து, வாசலுக்கு இரண்டடி முன்னால் நின்று செருப்பு வாரைச் சரிசெய்ய வேண்டும். அதுதான் விற்கிறவனுக்குக் கொடுக்கிற அவகாசம். அந்த இடத்தில் கூப்பிடாத ஆளே இல்லை. இவர் செருப்பு வாரைச் சரிசெய்தார். அவள் பின்னால் வந்து, எத்தனையோ கடைகளில் நின்ற மாதிரியே, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

"அடுத்தவங்களை வரச் சொல்லுங்க," என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் அவருக்குக் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. "பெரிய ஆளுடி. முகத்துல ஒண்ணும் காட்டல."

மருத்துவமனைக்கு எதிரே டீக்கடை. வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டீயும் பன்னும் சொன்னார். பன்னைப் பிய்த்துத் தோய்த்துத் தின்னத் தின்ன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் யாராவது ஓடிவந்து, "ஐயா, டாக்டர் கூப்பிடறாங்க" என்பாள். அவள் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை.

"என்னங்க, அது நாற்காலி இல்லைங்க."

"தெரியும்டி. உன் கழுத்துங்கறதாலதான் பார்க்கறேன். நாற்காலின்னா வாங்கிட்டுப் போயிருக்க மாட்டேனா? அவங்களுக்கே உறுதியாத் தெரியல. தெரியாத சாமானுக்குக் கத்தியைக் கழுத்துல வைக்கச் சொல்றியா? உன் குரல் போச்சுன்னா கடையில யாரு பேசறது, நானா?"

"நீங்க பேசினா கட்டில்கூட எழுந்து ஓடிடும்," என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள்.

யாரும் வரவில்லை. மாலையில் மகள் போன் செய்தபோது அவர் முந்திக்கொண்டு, "பெரிசா ஒண்ணும் இல்லையாம். பார்த்துக்கலாம்னு சொல்லிட்டாங்க," என்றார். "அம்மாகிட்டக் குடுங்க," என்றாள் மகள். கடைக்காரம்மா போனை வாங்கி, அவர் முகத்தைப் பார்த்தாள். கடையில் அவர் சொன்ன விலையை அவள் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. "ஆமாடி, ஒண்ணுமில்ல. பிள்ளைக்கு ஜுரம் விட்டுச்சா?" என்றாள்.

மழை பிடித்துக்கொண்டது. மழைக்காலத்தில் அந்தத் தெருவில் மரமெல்லாம் ஊதிவிடும். இழுப்பறைகள் திறக்காது, பாலிஷ் காயாது, வாடிக்கை வராது. தார்ப்பாயிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்கு வாளி வைத்துவிட்டு, சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்து வெங்காயம் வதக்கி ரொட்டியில் வைத்துத் தின்பார்கள். அப்படி ஒரு மத்தியானம் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. நர்ஸ் பேசினாள்.

"ஆபரேஷனுக்குத் தேதி குடுக்கணும் சார். டாக்டர் கேக்கச் சொன்னாங்க. எப்ப வர்றீங்க?"

பாதிவிலைக்காரரின் முகம் மலர்ந்ததை அவள் பார்த்தாள். அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டார். "பார்த்தியா? அவங்களே கூப்பிடறாங்க. நிஜமாவே அவசரம்னா அன்னைக்கே விட்டிருப்பாங்களா? ஆள் வரல, சரக்கு தேங்குது."

"போயிட்டு வந்துடலாம்ங்க. கூப்பிட்டாங்கல்ல, போதும்."

"முதல் கூப்பாட்டுக்குத் திரும்பிப் பார்த்தா இத்தனை நாள் பொறுத்ததுக்கு அர்த்தம் இல்லைடி. இன்னொரு தடவை கூப்பிடட்டும், போயிடலாம். சத்தியமா போயிடலாம்." போனில், "இப்ப சௌகரியம் இல்லம்மா, மழையா இருக்கு, பார்த்துச் சொல்றோம்," என்றார்.

"சரி சார்," என்றாள் நர்ஸ். வைத்துவிட்டாள்.

அந்த இன்னொரு தடவைக்காக அவர் காத்திருந்ததை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். குளிக்கப் போனாலும் போனை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார். பேட்டரி தீர்ந்துவிடுமோ என்று பயந்து எதிர்வாடைக் கடையில் கொடுத்து சார்ஜ் ஏற்றினார். கட்டில் வேண்டுமென்று ஒருவன், கடன் வேண்டுமென்று ஒரு மச்சினன், தப்பான நம்பர் என்று யார் யாரோ கூப்பிட்டார்கள். மருத்துவமனை கூப்பிடவில்லை. தானாகப் போய் நிற்கலாம் என்று ஒருநாள் சட்டைகூட மாட்டினார். விட்டுவிட்டு வந்த கடைக்குத் தானாகத் திரும்பிப் போகிறவனுக்கு இரண்டு மடங்கு விலை சொல்வார்கள் என்பது அவர் ரத்தத்தில் ஊறியது. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டார்.

மழை போய் வெயில் வந்தது. ஊதிய மரமெல்லாம் சுருங்கியது. ஒருநாள் அவள் தண்ணீர் குடிக்கும்போது பார்த்தார். கட்டி ஏறவில்லை, இறங்கவில்லை.

"குடி, குடி, இன்னொரு வாய் குடி."

குடித்தாள். வீக்கம் இருந்த இடத்திலேயே இருந்தது. விரலால் தொட்டார். கெட்டியாக, அசையாமல் இருந்தது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "டேய், இங்க வா!" என்று பாலிஷ்காரரைக் கூவினார். "அடங்கிடுச்சுடா! ஆட்டம் நின்னுடுச்சு!"

பாலிஷ்காரரும் பார்த்தார். "ஆமாண்ணே. ஆடுற காலு நின்னுட்டா அப்புறம் என்ன, சாமான் செட்டாயிடுச்சு."

அன்றைக்கு அவர் தெருக்கோடி பேக்கரியில் கேக் வாங்கி வந்தார். சொன்ன விலைக்கே வாங்கினார், பேரம் பேசவில்லை. கடைக்காரம்மா ஒரு துண்டை வாயில் போட்டு, மென்று, விழுங்குவதற்குக் கொஞ்சம் சிரமப்பட்டாள். "காய்ஞ்சு போன கேக்கு. ஏமாத்திட்டான்," என்றாள். அவளுக்கும் சந்தோஷம்தான்.

ஆடுகிற கட்டிதான் இன்னும் தனியாக இருக்கிற கட்டி என்பதும், ஆட்டம் நின்றால் அது பக்கத்துச் சதையையும் மூச்சுக்குழாயையும் பிடித்துக்கொண்டுவிட்டது என்பதும் அந்தத் தெருவில் யாருக்குத் தெரியும்? கேக்கை மூவரும் தின்று தீர்த்தார்கள்.

பிறகு குரல் கம்மியது. வார்னிஷ் நெடி என்றார்கள், உப்புத்தாள் தூசி என்றார்கள். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தாள். எதிர்வாடைக்குப் போய்க்கொண்டிருந்த குரல் நடுத்தெரு வரை போனது. அப்புறம் நடைபாதையோடு நின்றது. வாடிக்கைகள், "என்னக்கா, தொண்டை கட்டியிருக்கா?" என்று கேட்டார்கள். "உங்களோட கத்திக் கத்தித்தான்," என்றாள். அந்த வசவில் காற்றுதான் அதிகம் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்தாள். அவர் வண்டிக்காரனோடு பேசிக்கொண்டிருந்ததால் அம்மாதான் எடுத்தாள்.

"சொல்லுடி."

"யாருங்க பேசறது?" என்றாள் மகள்.

"நான்தான்டி."

"அம்மாகிட்டக் குடுங்க."

கடைக்காரம்மா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகப் புருஷனிடம் நீட்டினாள். பேசியது அம்மாதான் என்று அவர் சொல்ல, மறுநாள் காலையிலேயே மகள் பஸ் ஏறி வந்துவிட்டாள். கடை வாசலில் பையைப் போட்டுவிட்டு அம்மா கழுத்தைத் தொட்டாள். கையை எடுக்கவே இல்லை.

"பார்த்துக்கலாம்னு டாக்டர் சொன்னாங்கன்னு சொன்னீங்களேப்பா."

அவர் ஒரு மேசைக்கடியில் குனிந்து எதையோ தேடினார்.

"எடுக்கச் சொன்னாங்கடி," என்றாள் கடைக்காரம்மா. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. "அப்பா... பேசிப் பார்த்தாரு."

"என்ன பேசினீங்க? யார்கிட்டப் பேசினீங்க? கட்டிகிட்டயாப்பா? அது பாதிக்கு ஒத்துக்கிச்சா?"

தெருவில் உப்புத்தாள் சத்தம் நின்றது. பாலிஷ்காரர் கையில் துணியோடு வாசலில் நின்றார்.

அதே டாக்டரம்மா. அதே நாற்காலி. மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டுத் தொண்டையைப் பார்த்தார்கள். இரண்டு குரல்நாண்களில் ஒன்று அசைந்தது, மற்றது சும்மா இருந்தது. புதிதாக ஸ்கேன் எடுத்தார்கள், கழுத்திலும் மார்பிலும்.

"அந்த நரம்பைக் கட்டி சுத்திப் பிடிச்சிருக்கு," என்றார் டாக்டரம்மா. "இப்ப பாதி போதாது, முழுசா எடுக்கணும். கழுத்துல இருக்கிற மத்த முடிச்சுகளையும் எடுக்கணும். அந்த நரம்பைக் காப்பாத்த முடியும்னு எனக்குத் தோணல. நுரையீரல்ல சின்னதா புள்ளிகள் தெரியுது. அதுக்கு அயோடின் மருந்து குடுப்போம், நிறையப் பேருக்கு நல்லாக் கேக்கும். முதல்ல இதை முடிப்போம்."

பாதிவிலைக்காரர் கேட்டார்: "நீங்க ஏன் எங்களைக் கூப்பிடல?"

டாக்டரம்மா காகிதங்களைத் திருப்பினார். "கூப்பிட்டிருக்கோமே. மழைன்னு சொன்னீங்களாம்."

"இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தா வந்திருப்போம்மா. இன்னும் ஒரே ஒரு தடவை."

கதவுக்கு வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், நிற்கவும் செய்தார்கள். டாக்டரம்மாவின் கண் ஒருமுறை அந்தப் பக்கம் போய் வந்தது. அப்போதுதான் பாதிவிலைக்காரருக்கு உறைத்தது. இது சரக்குத் தேங்குகிற கடை இல்லை. இவர்கள் போனால் வருந்துகிறவர் அங்கே யாரும் இல்லை. இவர்கள் விட்டுவிட்டுப் போன நாற்காலியில் இவர்கள் சூடு ஆறுவதற்குள் வேறு கழுத்து வந்து உட்கார்ந்திருக்கிறது. போன இடத்திலெல்லாம் பின்னாலிருந்து குரல் வரும் என்று நம்பியே இத்தனை வயதுவரை நடந்துவிட்டார்.

மகள் பணம் கட்டப் போனாள். விலை இப்போது கட்டிலும் பீரோவும் இல்லை, பாதிக் கடை. அவர் பேரம் பேசவில்லை. பேரம் பேசாததைப் பார்த்துத்தான் கடைக்காரம்மாவுக்குப் பயம் வந்தது. அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆபரேஷனுக்கு உள்ளே அழைத்துப் போகுமுன் வராந்தாவில் படுக்கையை நிறுத்தினார்கள். கரகரப்போ காற்றோ, இருந்த குரலுக்கு அதுதான் கடைசி. என்ன சொல்லப் போகிறாளோ என்று மகளும் அவரும் குனிந்தார்கள்.

"அந்த ரோஸ்வுட் மேசையை முதல்ல கேக்கறவனுக்குக் குடுத்துடாதீங்க," என்றாள். "ஆறு நாற்காலியும் சேர்த்துப் போகணும். பிரிச்சா எவனும் வாங்க மாட்டான்."

"சரிடி."

"எதிர்வாடை முத்தண்ணன் கேப்பாரு. தராதீங்க."

"சரி."

"சாப்பிடுங்க."

தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கதவு ஆடி ஆடி நின்றது.

நரம்பு போய்விட்டது. எடுத்ததை வெட்டிப் பார்த்ததில் கட்டி தன் தோலைக் கிழித்துக்கொண்டு எப்போதோ வெளியே வந்திருந்தது தெரிந்தது. ஊசிக்குத் தெரியாமல் இருந்ததும் இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பிறகு கதிர்வீச்சுள்ள அயோடின் மருந்து கொடுத்து அவளைத் தனி அறையில் வைத்தார்கள், யாரும் பக்கத்தில் போகக் கூடாது என்று. அவர் வராந்தாவில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, கடையில் என்ன நடந்தது என்று வாயசைத்துச் சொன்னார். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை, தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

மார்புப் புள்ளிகள் மருந்துக்குக் கேட்கின்றனவா என்று பார்க்க நாள் ஆகும் என்றார்கள். பேச்சுப் பயிற்சி கொடுத்தார்கள். பக்கத்தில் காதை வைத்தால், ஜன்னல் இடுக்கில் காற்று நுழைகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதற்கு மேல் வராது என்று அவளுக்கே தெரிந்துபோனதும் முயற்சி செய்வதை விட்டுவிட்டாள். வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல் கடைக்கு வந்தாள். கழுத்தில் ஒரு பருத்தித் துணியைச் சுற்றிக்கொண்டு, எப்போதும் உட்காருகிற ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

அன்றைக்குத்தான் ரோஸ்வுட் மேசைக்கு ஆள் வந்தான். நல்ல சட்டை, நல்ல செருப்பு, புதுவீடு கட்டிய களை. மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தான். பாதிவிலைக்காரர் ஒரு பீரோவுக்குப் பின்னால் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தார். எழுந்து வருவதற்குள் அவன் அவளிடம் போய்விட்டான்.

"எவ்வளவும்மா, ஆறு நாற்காலியும் சேர்த்து?"

அவள் கைவிரல்களால் விலையைக் காட்டினாள். வழக்கமாகச் சொல்கிற முதல் விலை, இரண்டு மடங்கு ஏற்றி வைப்பது, யாரும் கொடுக்காதது.

"என்னம்மா அநியாயமா இருக்கு. பாதிக்குத் தருவீங்களா?"

அவள் வாயைத் திறந்தாள். வழக்கமான வசவு தொண்டை வரைக்கும் வந்தது அவருக்குத் தெரிந்தது. கன்னம் அசைந்தது, புருவம் ஏறியது. காற்று மட்டும் வந்தது. வாயை மூடிக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"சரி, முக்கால்."

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ரொம்பக் கறாரா இருக்கீங்களே. இன்னும் கொஞ்சம் போட்டுத் தர்றேன். நான் போயிடுவேன், அப்புறம் கூப்பிடக் கூடாது."

போனான். வாசலுக்கு இரண்டடி முன்னால் நின்றான். குனிந்து செருப்பைச் சரிசெய்தான். பீரோவுக்குப் பின்னால் பாதிவிலைக்காரர் சுத்தியலைப் பிடித்தபடி நின்றார். கூப்பிட வேண்டியவள் அவள்தான். அந்த இடத்தில்தான் அவள் குரல் போய் ஆளைப் பிடித்து இழுத்து வரும். அவள் கையைத் தூக்கினாள், பிறகு மடியில் வைத்துக்கொண்டாள்.

அவன் திரும்பி வந்தான். "உங்ககிட்ட ஜெயிக்க முடியாதும்மா. இப்படி ஒரு வியாபாரியை நான் பார்த்ததே இல்லை. இந்தாங்க, சொன்ன விலையே வச்சுக்கங்க."

எண்ணி வைத்துவிட்டு, சாயங்காலம் வண்டி அனுப்புவதாகச் சொல்லிப் போனான். கடை திறந்த நாளிலிருந்து முதலில் சொன்ன விலைக்கு அங்கே ஒரு முக்காலிகூட விற்றதில்லை.

அவள் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தார். கிட்ட வந்ததும் நின்றுவிட்டார். சத்தமே இல்லாமல் ஒரு மனுஷி அவ்வளவு அழ முடியும் என்று அவருக்குத் தெரியாது. தெருவில் எல்லாச் சத்தமும் இருந்தது, உப்புத்தாள், லாரி, யாரோ யாரையோ கூவிக் கூப்பிடுவது, எல்லாம்.

எதிரே தரையில் உட்கார்ந்தார். கடை அடைக்கும்போது அன்றாடக் கணக்கை வாய்விட்டுச் சொல்வது அவள் வழக்கம். அவர் கேட்டுக்கொண்டு தலையாட்டுவார். கடை அடைக்க இன்னும் நேரம் இருந்தது. அவரே சொன்னார்.

"மேசை ஒண்ணு, சொன்ன விலை. நாற்காலி ஆறு, சொன்ன விலை. குறைச்சது ஒண்ணும் இல்ல. வரவு முழுசு." அவள் கழுத்தில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார். "செலவுப் பக்கம் ஒண்ணு பாக்கி நிக்குதுடி. அதை என் பேர்ல எழுதிக்கட்டுமா?"

வேண்டாம் என்பாள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தார். பாதியாவது தன் பேரில் எடுத்துக்கொள்வாள் என்று நினைத்தார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரை நிதானமாகப் பார்த்தாள். ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.